ஜெபக்கனியின் பணி ஓய்வு

அப்பா இறந்த பிறகு, அவருக்குத் திறந்துகொண்டிருந்த கதவுகளெல்லாம் ஜெபக்கனிக்குத் திறக்க ஆரம்பித்ததில் எங்கள் காலனியில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்தப் பெண் எந்த ஊர், யார் மகள், இந்தக் குச்சி உடம்பை வைத்துக்கொண்டு பரீட்சைப் பிரிவின் வேலையை எப்படி இழுக்கப்போகிறாள் என்று ஆச்சரியப்படவே அவர்களுக்கு நேரம் சரியாக இருந்தது. நான் ஒருத்திதான் கோபப்பட்டேன். நான் அரசியல் அறிவியலில் ஆராய்ச்சி மாணவி. கோபப்படுவதற்குத்தான் எனக்கு மாதாமாதம் உதவித்தொகை வருகிறது என்று அப்பா சொல்வார், நான் அதற்கும் கோபப்படுவேன்.

அப்பா ஆவுடையப்பன், நான் படிக்கிற பல்கலைக்கழகத்திலேயே பரீட்சைப் பிரிவுக் கண்காணிப்பாளர். ரிசல்ட் வெளியாக வேண்டிய வாரத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டாமல் இறந்துபோனார். ஆள் போனாலும் ரிசல்ட் போகக்கூடாது என்று பதிவாளர் சொல்லிவிட்டார். மறுவாரமே அந்த நாற்காலிக்கு ஒப்பந்தத்தில் ஜெபக்கனி வந்தாள்.

இங்கே டைரக்டரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரதான கட்டடத்தின் கீழ்த்தளத்தில், எந்நேரமும் ஏ.சி. ஓடுகிற அறையில், ஒரு கணினிக்குள், துணைவேந்தரிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவர் வரை எல்லோருக்கும் ஆளுக்கொரு பதிவு இருக்கிறது. அவர் பெயர், பிரிவு, பிறந்த தேதி, எந்தக் குழுவில் சேர்த்தி, எந்த அறைக்குள் போகலாம், எந்தக் கோப்பைப் படிக்கலாம், எதைப் படிக்க மட்டும் செய்யலாம், எதைத் திருத்தலாம் எல்லாம் அதில் உண்டு. வளாகத்தில் இருக்கிற கம்ப்யூட்டருக்கோ பிரிண்டருக்கோ விரல் வைத்துத் திறக்கிற கதவுக்கோ சொந்தமாக ஒன்றும் தெரியாது. நீங்கள் போய் நின்றால் அவை டைரக்டரியைத்தான் கேட்கும். கேட்பதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள், அதற்குப் புரோட்டோகால் என்று பெயர். கேட்கிறவர் முதலில் நான் இன்னார் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும், பிறகு இன்ன பெயரைத் தேடு என்று சொல்ல வேண்டும், பிறகு இந்தப் பெயருக்கு இது உண்டா என்று கேட்க வேண்டும். டைரக்டரி உண்டு என்று சொல்லும், அல்லது இல்லை என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. ஏன் என்று சொல்லாத எவரோடும் எனக்கு ஒத்துப்போனதில்லை.

புதிதாக வருகிறவருக்கு ஒரு பதிவு உண்டாக்கி, இவருக்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்து ஒவ்வொன்றாகக் கொடுப்பதுதான் சரியான வழி. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கமிட்டி கையெழுத்துப் போட வேண்டும் என்பதால், எங்கள் பல்கலைக்கழகத்தில் யாரும் யாருக்கும் புதிதாக எதையும் கொடுத்ததில்லை. முன்னால் இருந்தவரின் பதிவை அப்படியே நகலெடுத்துப் பெயரையும் விரல் ரேகையையும் மட்டும் மாற்றுவார்கள். அவரும் தனக்கு முன்னால் இருந்தவரின் நகல்தான். ஜெபக்கனிக்கும் அப்படித்தான், அப்பாவின் பதிவை நகலெடுத்தார்கள். இந்த முறை நகல் கொஞ்சம் நன்றாக விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

முதல் நாள் விடைத்தாள் காப்பறை திறந்தது. அது திறக்க வேண்டியதுதான். பிறகு கேண்டீன்காரர் அவள் கேட்காமலே சீனி போடாத டீயை நீட்டினார், அவள் முகத்தைச் சுளித்தபடி குடித்தாள். டவுன் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் சீட்டை யாரோ எழுந்து அவளுக்கு விட்டார்கள். காலனிச் சங்கத்தில் தண்ணீர் மோட்டார் சாவியை அவள் கையில் கொடுத்தார்கள், ஏனென்றால் அது அப்பாவிடம்தான் இருக்கும். பிள்ளையார் கோயில் பக்கமாக அவள் நடந்துபோனால் குருக்கள் கூப்பிட்டு முதல் திருநீறு கொடுத்தார், அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ஸ்தோத்திரம் ஐயா" என்றாள், அவர் "நல்லா இரும்மா" என்றார். அவளுடைய சபையில் பாஸ்டர் இதைக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டு விசாரித்தபோது, "அது எனக்குக் குடுத்தது இல்லீங்கய்யா, அந்த சாருக்குக் குடுத்தது. நான் வாங்கி வைக்கேன்" என்றாளாம், அவருக்கும் அதில் குறைசொல்ல ஒன்றும் இருக்கவில்லை. எதிர்வீட்டு மாசானம் மாமா, தென்னை மரத் தகராறில் அப்பாவோடு பல வருஷமாகப் பேசாதவர், ஜெபக்கனியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பினார். அனுமதியோடு மறுப்பும் சேர்ந்தே நகலாகியிருந்தது. அந்த விஷயத்தில் டைரக்டரியை நேர்மையானது என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்போது அம்மா படுத்த படுக்கை. நோய் ஒன்றும் இல்லை. சுடுகாட்டில் காடேற்றுச் சடங்கு முடிந்த அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்தவள், அதற்குப் பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, அழவும் இல்லை. கட்டாயப்படுத்தினால் இரண்டு வாய் காப்பி குடிப்பாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்படியே போனா இந்த உடம்பு தாங்காதும்மா, எப்படியாவது சாப்பிட வைங்க" என்றார். நான் கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிட மறுப்பது யாருக்குச் செய்கிற மரியாதை என்று தர்க்கம் பேசினேன். அம்மா சுவரைப் பார்த்தாள். உண்ணாவிரதத்தைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன் நான், என் வீட்டில் நடக்கிற ஒன்றை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் ஜெபக்கனி, மேசை இழுப்பறையில் கிடந்த அப்பாவின் கண்ணாடியையும் சாப்பாட்டுத் தூக்கையும் கொடுத்துவிட்டுப் போக வந்தாள். வாசலில் நின்று என்னிடம் நீட்டிக்கொண்டே இருந்தவள், தனக்கே தெரியாமல் செருப்பை அப்பா விடுகிற மூலையில் விட்டாள், வாளித் தண்ணீரில் காலைக் கழுவினாள், உள்ளே வந்துவிட்டாள். அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"என்ன, இவ்வளவு நேரம்? பஸ் கெடைக்கலியா?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்ட குரல். கதவுக் கீல் கத்துகிற மாதிரி இருந்தது. ஜெபக்கனி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், மாவைக் கரைத்து, ஓரம் சிவந்த தோசையாக வார்த்து அவளுக்குப் போட்டாள். அவள் சாப்பிட்டு எழுந்த பிறகு, அதே தட்டில் தனக்கும் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். ஆம்பளை சாப்பிட்ட தட்டில் பொம்பளை சாப்பிடுவது என்ன வழக்கம் என்று பள்ளிக்கூட நாளிலிருந்து சண்டை போட்டவள் நான். அன்றைக்கு அடுப்படி வாசலில் நின்று, அம்மாவின் தொண்டை ஏறி இறங்குவதை ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கேட்டேன், கேட்காமல் இருக்க என்னால் முடியாது. "ஏம்மா, அவ யாருன்னு நெனைச்சுச் சோறு போடுத?"

"யாருன்னு நான் ஏன் நெனைக்கணும்?"

"அப்பான்னு நெனைக்கியா?"

"என்னை என்ன கிறுக்கின்னு நெனைச்சியா? அவுக செத்துட்டாவன்னு எனக்குத் தெரியாதா? இந்தப் பிள்ளை வந்தா சோறு போடலாம்னு இருக்கு, போடுதேன். யாருன்னு நான் கேக்கவே இல்லியே. நீ படிச்சவ, நீயே வச்சுக்கோ அந்தக் கேள்விய."

அதற்குப் பிறகு ஜெபக்கனி தினமும் அலுவலகம் விட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு, பிறகு தன் விடுதிக்குப் போனாள். அம்மா புறவாசலில் அவளை உட்கார வைத்துக்கொண்டு, அப்பாவிடம் மட்டும் சொல்கிற விஷயங்களையெல்லாம் சொன்னாள்: பால்காரன் தண்ணீர் கலக்கிறான், முட்டுவலி மழைக்கு முன்னால் கூடுகிறது, "ஒங்க மக கல்யாணப் பேச்சை எடுத்தாலே பிரசங்கம் பண்ணுதா, நீங்களாவது சொல்லக்கூடாதா?" ஜெபக்கனி என்னைவிட வயதில் சின்னவள். "சொல்லுதேம்மா" என்பாள்.

ஒருநாள் அவளைத் தெருமுனையில் மறித்தேன். "இந்தா, ஒனக்கு இதுல எந்த உரிமையும் கெடையாது, தெரியுமில்ல?"

"தெரியும் அக்கா."

"பின்ன ஏன் வார?"

"நான் வரலேன்னா அம்மா சாப்பிட மாட்டாங்க அக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். விவாத மேடைகளில் கோப்பை கோப்பையாக வாங்கியவள் நான். இந்த உலகத்தில் நான் வாதத்தில் தோற்பது ஒரே ஒரு ஆளிடம்தான். அந்த அனுமதியும் நகலாகியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அழுகையாக வந்தது, ஆத்திரமாகவும் வந்தது. ஆத்திரத்தை எடுத்துக்கொண்டு நேராக நெட்வொர்க் அறைக்குப் போனேன்.

அங்கே முகைதீன் அண்ணன் ஏ.சி. குளிருக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு புரோட்டா தின்றுகொண்டிருந்தார். "வாம்மா வடிவு. யாரைத் திட்டணும்?"

"உங்களைத்தான். செத்துப்போன மனுஷனோட பதிவை எடுத்து யாரோ ஒருத்திக்கு ஒட்டவைக்க உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தது?"

"எனக்கா? என் பதிவே எனக்கு முன்னால இருந்த அந்தோணி சாரோடதுதான். இன்னிக்கும் அவரு மச்சான் என்னைப் பார்த்தா கைமாத்துக் கேக்கான்." சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இந்தாம்மா, ரெண்டு கேள்வி இருக்கு. நீ யாருங்கிறது ஒண்ணு. உனக்கு என்ன உண்டுங்கிறது இன்னொண்ணு. முதல் கேள்விக்கு அந்தப் பிள்ளை தன் பேரைத்தான் சொல்லுது, தன் விரலைத்தான் வைக்குது. ஒரு நாளும் நான் ஆவுடையப்பன்னு சொல்லல. ரெண்டாவது கேள்விக்கு டைரக்டரி பதில் சொல்லுது. இதுல பொய் எங்க இருக்கு?"

"பொய் இல்ல, அநியாயம். எங்க அப்பா முப்பது வருஷம் இருந்து சம்பாதிச்சதை ஒரு கிளிக்ல குடுத்துட்டீங்க."

"எடுத்துரட்டுமா? சொல்லு, இப்பவே எடுத்துருதேன்."

கையைத் துடைத்துக்கொண்டு திரையில் அவளுடைய பதிவைத் திறந்தார். நான் அம்மாவின் தொண்டையை நினைத்துக்கொண்டேன். நான் பதில் சொல்வதற்குள் அவரே, "எடுக்கக்கூட வேண்டாம் போலிருக்கே" என்றார், சன்னமாக. பதிவின் அடியில் முடியும் தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. அரசு ஊழியர் ஓய்வுபெறும் நாளில் அவருடைய பதிவு தானாகவே செத்துப்போகும்படி முன்கூட்டியே போட்டு வைப்பார்கள். அப்பாவின் ஓய்வு, வருகிற மே மாதக் கடைசி நாள், அலுவலகம் முடியும் நேரம். அதையும் சேர்த்தே நகலெடுத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து நான் கட்சி மாறினேன். யார் எதற்காகச் சிரித்தாலும் சரி. இந்தப் பெண்ணுக்கு உரிமையில்லை என்று கத்தப் போனவள், இந்தப் பெண்ணின் தேதியை நீட்டுங்கள் என்று மனுவை எடுத்துக்கொண்டு படியேறினேன். முகைதீன் அண்ணனால் தேதியை மாற்ற முடியாது, பதிவாளர் ஒப்புதல் வேண்டும். பதிவாளர் மனுவைப் படித்தார், படித்த மாதிரி இருந்தார்.

"ஓய்வு வயசைத் தாண்டி நீட்டிக்க விதி இல்லம்மா."

"சார், அவளுக்கு இருபத்து நாலு வயசு."

"டைரக்டரியில அறுபது."

"அது எங்க அப்பாவோட பிறந்த தேதி சார்!"

"அப்ப உங்க அப்பாவுக்கு நீட்டிக்கச் சொல்றீங்களா? இறந்தவருக்குப் பணி நீட்டிப்பு கிடையாது."

"சரி, அவளுக்குன்னு புதுசா ஒரு பதிவு போடுங்க."

"புதுசாவா?" அவர் என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். அந்த இடத்தில் அப்படியொரு சொல்லை யாரும் சொன்னதில்லை. "புதுசாப் போட்டா அது வேற ஆளாச்சேம்மா. அதுல உங்க அப்பாவோடது ஒண்ணும் இருக்காதே. அதைவச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

இரக்கமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொடுங்கோலர்களை எதிர்க்க எனக்குப் பயிற்சி உண்டு; விதியைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கிறவரை எதிர்க்க ஒரு புத்தகத்திலும் சொல்லித்தரவில்லை.

மே மாதம் வந்தது. அம்மா உடம்பு தேறி, கன்னத்தில் சதை வைத்து, மாவடு போட்டாள். எனக்குத் தெரிந்ததை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜெபக்கனிக்குச் சொன்னேன். அவள், "அப்ப எனக்கு வேலையும் முடிஞ்சிருமே அக்கா" என்றாள். நான் அதை யோசித்திருக்கவே இல்லை. "பரவால்ல அக்கா. இங்க எனக்குன்னு ஒரு கதவும் தெறக்கல. ஒரு நாளாவது சீனி போட்ட டீ குடிக்கணும்."

ஊழியர் சங்கத்தார்தான் அதை முறையாகச் செய்தார்கள். ஆவுடையப்பன் சாருக்கு வழியனுப்பு விழா வைக்க முடியாமல் போய்விட்டதே என்று அவர்களுக்கு ஒரு குறை இருந்தது. கடைசி நாளன்று சின்ன அரங்கத்துக்கு முன்னால் ஷாமியானா கட்டி, மிக்சரும் லட்டும் வாங்கி, ஜெபக்கனியை நடுவில் உட்கார வைத்து, ஒருவர் பின் ஒருவராகப் பொன்னாடை போர்த்தினார்கள். மே மாதப் புழுக்கத்தில் அவள் ஜரிகைக்குள் மூழ்கிக்கொண்டே போனாள். அவர் ஒரு விடைத்தாளையும் தொலைத்ததில்லை என்றார்கள், பெண் பிள்ளைகள் அழுதுகொண்டு வந்தால் முதலில் உட்காரச் சொல்வார் என்றார்கள், கோபம் வந்தால் கண்ணாடியைத் துடைப்பார் என்றார்கள். அவளைப் பார்த்துத்தான் சொன்னார்கள், அவள் ஒவ்வொன்றுக்கும் கைகூப்பினாள், யாரும் தவறாக எதையும் சொல்லிவிடவில்லை. மாசானம் மாமா கூட அழைப்பில்லாமல் வந்து கடைசி வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏற்புரைக்கு அழைத்தபோது ஜெபக்கனி மைக்கைப் பிடித்து, "இதெல்லாம் சார் சேர்த்து வச்சது. நான் கெடுக்காம வச்சிருந்தேன்னு நெனைக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள்.

ஓய்வுபெறுகிறவரை அலுவலக வேனில் ஏற்றி, வீட்டு வாசலில் கொண்டுபோய்க் குடும்பத்தாரிடம் ஒப்படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா பட்டுச்சேலை கட்டி, பாயசம் வைத்து, ஆரத்தி கரைத்துத் தயாராக இருந்தாள். அவளுக்கு யார் சொன்னார்களோ. வேன் வந்து நின்றது. கழுத்து நிறைய ரோஜா மாலையோடு ஜெபக்கனி இறங்கினாள். பின்னால் முகைதீன் அண்ணன் இறங்கி, அலுவலகம் முடியும் நேரம் ஆகப்போகிறதா என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

அம்மா ஆரத்தித் தட்டை அவள் முகத்துக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிய கை பாதியில் நின்றது. மற்றபடி ஒன்றுமே நடக்கவில்லை; தெருவில் ஒரு ஆடு போனது, வேன்காரர் என்ஜினை நிறுத்தினார்.

அம்மா அவளை நெற்றியிலிருந்து கால்வரை பார்த்தாள். ஊர்க்காரப் பெண்ணைப் பார்க்கிற பார்வைதான், பிரியமாகவே இருந்தது.

"யாரும்மா நீ? மாலையும் கழுத்துமா நிக்கியே, கல்யாணப் பொண்ணா?"

ஜெபக்கனியின் வாய் கோணியது. "இல்லம்மா. ரிட்டயர்மென்ட்."

"ரிட்டயர்மென்டா? யாருக்கு?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாருக்குட்டி?"

"அப்பாவுக்கும்மா" என்றேன்.

"அவுகளுக்கா." தட்டைக் கீழே வைத்தாள். ஆரத்தித் தண்ணீர் தளும்பிக் கோலத்தில் ஓடியது. "அப்ப நாளையிலேர்ந்து அவுக வர மாட்டாவளா?"

செத்துப்போனதை அவள் அன்றைக்கே ஒத்துக்கொண்டிருந்தாள். இது வேறு. இதற்கு நான் எத்தனையோ பதில் வைத்திருந்தேன், மனுக்கள் வைத்திருந்தேன், மேல்முறையீடு ஒன்று இன்னும் நிலுவையில் இருந்தது.

"வர மாட்டாவம்மா" என்றேன்.

அம்மா பட்டுச்சேலையோடு வாசல் மண்ணில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். இத்தனை மாதமாக அவள் அழாமல் வைத்திருந்தது முழுவதும் ஒரே சத்தமாக வெளியே வந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு அடுப்பை அணைத்தார்கள். பெண்கள் தலையை விரித்துக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு, அன்றைக்குத்தான் ஆவுடையப்பன் செத்தார் என்பது போல வந்தார்கள். மாசானம் மாமா மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எங்கள் சுவரோரமாக வந்து நின்றார்.

ஜெபக்கனி கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். "அக்கா, நான் உள்ள வரலாமா?" என்று என்னிடம் கேட்டாள். எங்கள் வீட்டில் அவள் கேட்ட முதல் அனுமதி. நான் வாயைத் திறப்பதற்குள், பின்னால் முட்டிக்கொண்டு வந்த பெண்கள் கூட்டம் அவளையும் சேர்த்து உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டது. இழவு வீட்டுக்குள் போகிற பெண்ணை யார் நிறுத்தி யாரென்று கேட்பார்கள். அம்மா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் துழாவி, முதலில் அகப்பட்ட கழுத்தை இழுத்துத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். அது ஜெபக்கனியின் கழுத்து. இரண்டு பேருக்கும் நடுவில் மாலை நசுங்கி, ரோஜா இதழ்கள் அம்மாவின் மடியில் விழுந்தன. ஜெபக்கனி முதலில் அப்படியே அசையாமல் இருந்தாள். பிறகு அவளும் அழ ஆரம்பித்தாள், வேறு யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு பெயர்.